ஆகாயத்திற் பேசும் பாஷை

கப்பலோட்டிகளுக்கும் வைத்தியர்களுக்கும் தத்தமக்கென ஒரு பரிபாஷை இருத்தல்போல, விமானமோட்டிகளுக்கும் ஒன்று உண்டு. வைத்தியரின் பரிபாஷை நோயாளிக்கு விளங்காவிடினும் மருந்து தன் வேலையைச் செய்யும். விமானியின் சொல் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டால் நேர்வது வேறு. ஆகையால் அவர்கள் வழங்கும் சொற்கள் அளந்து வைக்கப்பட்டவை. அவற்றுட் சில, உயிர்களை விலையாகக் கொடுத்து அளக்கப்பட்டவை.

'ரோஜர்' என்ற சொல்லைச் சினிமாப் படங்களிற் கேட்டிருப்போம். 'சரி, அப்படியே செய்கிறேன்' என்பதே அதன் பொருளென நம்மிற் பலர் எண்ணுகிறோம். அன்று, 'நீர் கூறியது முழுவதும் எனக்குக் கேட்டது' என்பது மட்டுமே பொருள். 'பெற்றுக்கொண்டேன்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து 'ஆர்'. அவ்வெழுத்தை வானொலியில் ஐயமறச் சொல்வதற்கு ஒரு காலத்தில் 'ரோஜர்' என்னும் பெயரை வழங்கினர். 1956இல் அதன் பெயர் 'ரோமியோ' என மாறிற்று. ஆயினும் ரோஜர் தம் பதவியை விடவில்லை. 'அவ்வாறே செய்வேன்' என்பதற்கு 'வில்கோ' என வேறு சொல் இருக்கிறது. கேட்டேன் என்பதும் செய்வேன் என்பதும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இலக்கங்களையும் அவர்கள் நம்மைப்போல் உச்சரிப்பதில்லை. இரைச்சலுக்கிடையில் ஆங்கில ஒன்பதும் ஐந்தும் ஒலியில் மயங்குமாதலால், ஒன்பது 'நைனர்' ஆகும்; ஐந்து 'ஃபைஃப்' ஆகும். பாடசாலையில் இவ்வாறு உச்சரித்தால் ஆசிரியர் பிரம்பை எடுப்பார்; ஆகாயத்தில் இதுவே இலக்கணம்.

இனி, ஒரு சொல்லின் கதை. 1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயினுக்குரிய கனேரித் தீவுகளில் ஒன்றான தெனெரீபே. அயல் தீவின் விமான நிலையத்திற் குண்டு வெடித்தமையால், அங்கு இறங்கவேண்டிய பல விமானங்கள் தெனெரீபேயின் சிறு நிலையத்திற்குத் திருப்பப்பட்டிருந்தன. பக்கப் பாதையை அவை அடைத்து நின்றன. புறப்படும் விமானங்கள் ஓடுபாதை வழியாகவே ஊர்ந்து செல்லவேண்டியதாயிற்று. மூடுபனியும் கவிந்தது. ஒல்லாந்தரின் கே.எல்.எம். ஜம்போ விமானம் ஓடுபாதையின் முனைக்குச் சென்று திரும்பி நின்றது. பான் அமெரிக்கன் ஜம்போ அதே பாதையில் அதனை நோக்கி ஊர்ந்து வந்தது. ஒன்றையொன்று காணவில்லை, கோபுரத்தில் இருந்தவருக்கு இரண்டுமே தெரியவில்லை.

புறப்பட்டபின் செல்லவேண்டிய வழியைக் கட்டுப்பாட்டாளர் ஒல்லாந்த விமானத்திற்கு அறிவித்தார். அவ்வறிவிப்பில் 'டேக்-ஓவ்' என்ற சொல்லும் இருந்தது. அது வழிக்குரிய அனுமதி. புறப்படுவதற்குரிய அனுமதி அன்று. துணை விமானி அதனைத் திருப்பிக் கூறிவிட்டு, 'நாம் இப்போது டேக்-ஓவில் இருக்கிறோம்' எனப் பொருள்படுமாறு, ஒல்லாந்த மொழியின் சாயல் விழுந்த ஆங்கிலத்திற் சொன்னார். 'புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்' என்பது அவர் கருத்தாயிருக்கலாம். 'புறப்படும் இடத்தில் நிற்கிறோம்' என்று கொண்ட கட்டுப்பாட்டாளர் 'ஓகே' என்றார். 'பொறுத்திரும், அழைப்பேன்' என அவர் தொடர்ந்தபோது, தாம் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக அமெரிக்க விமானியும் குரல் கொடுத்தார். இரு குரல்களும் ஒரே அலையில் மோதி, ஒல்லாந்த விமானத்திற் கீச்சென்ற ஓசையாகவே கேட்டன. தெளிவாக விழுந்தது அந்த 'ஓகே' ஒன்றுதான்.

விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. 'அந்த விமானம் விலகவில்லையா?' என்று பொறியியலாளர் கேட்டார். விலகிவிட்டதென உறுதியாகச் சொன்னார் தலைமை விமானி. அவரோ கம்பனியின் விளம்பரத்திற் படம் வெளிவந்தவர்; பிறருக்குப் பயிற்சி அளிப்பவர். மேற்கொண்டு எவரும் பேசவில்லை. 583 பேர் மாண்டனர். தப்பிய 61 பேரும் அமெரிக்க விமானத்தில் இருந்தவர்கள்.

சொல் ஒன்றே குற்றவாளி என நாம் கூற வரவில்லை. பனியும் அவசரமும் பதவிக்கு அஞ்சிய மௌனமும் அதிற் பங்குகொண்டன. எனினும் அதன்பின் 'டேக்-ஓவ்' என்ற சொல்லுக்குக் காவல் போடப்பட்டது. புறப்பட அனுமதி அளிக்கும்போதும் அதனை இரத்துச் செய்யும்போதும் மாத்திரமே அது உச்சரிக்கப்படும். ஏனைய வேளைகளில் 'டிபார்ச்சர்' என்பதே வழக்கு.

சொல்லவேண்டிய சொல்லைச் சொல்லாமையாலும் கேடு வந்ததுண்டு. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் அவியான்கா விமானம் ஒன்று, நெருக்கடியாலும் சீரற்ற காலநிலையாலும், ஒரு மணி நேரத்திற்கு மேலாக வழியில் வட்டமிட்டுக் காத்திருந்தே நியூயோர்க்கை அணுகியது. எரிபொருள் வற்றிவந்தது. விமானிகள் 'பிரயோரிட்டி', அதாவது முன்னுரிமை, வேண்டினர். அவர்கள் உள்ளத்தில் அது அபாய அறிவிப்பு. கேட்டவர் செவியில் அது வெறும் வேண்டுகோள். முதன்முறை இறங்க முயன்று இயலாமல் மீண்டும் மேலெழுந்தது விமானம். பின்னர் இயந்திரங்கள் அவிந்தன. லோங் ஐலண்டில் வீழ்ந்த அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர். தீப்பற்றவில்லை, எரிவதற்கு எரிபொருளே இருக்கவில்லை.

அவர்கள் சொல்லியிருக்கவேண்டிய சொல் 'மேடே'. இலண்டனுக்கருகில் குரொய்டன் விமான நிலையத்தில் வானொலி அதிகாரியாயிருந்த மொக்ஃபர்ட் என்பவர் 1920களிற் கண்ட சொல் அது. அக்காலத்தில் அங்கிருந்து பெரும்பாலான விமானங்கள் பாரிஸுக்கே போய் வந்தமையால், 'எனக்கு உதவுக' எனப் பொருள்படும் பிரெஞ்சு மொழித் தொடரை ஆங்கில நாவுக்கு இசைவித்தார். தவறிக் கேட்காதிருக்க மும்முறை சொல்லவேண்டும். இப்போது, தரையிறங்கும்போது தொடக்கூடாத சேமிப்பு எரிபொருளிலும் குறைந்துவிடும் எனக் கணக்கிடும் விமானி, முன்னுரிமை என்றோ தயவுசெய்து என்றோ கேட்பதில்லை. 'மேடே, மேடே, மேடே, ஃபியுவல்' என்று கூறவேண்டும் என்பது விதி.