கர்சர் நிற்கும் வரி எது?



நம்மில் பெரும்பாலோர் விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரில்தான் புரோகிராம் அடிக்கிறோம். கலர் மாற்ற ஒரு எக்ஸ்டென்ஷன், பிழை காட்ட ஒரு எக்ஸ்டென்ஷன் என்று வரிசையாக இறக்கிப் போட்டுக்கொள்கிறோம். இவற்றை யாரோ எங்கோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். நமக்கு அதெல்லாம் எங்கே என்று நினைக்க வேண்டாம். எடிட்டர் இலவசம், எழுதும் மொழி ஜாவாஸ்கிரிப்ட், தேவையான விளக்கக் குறிப்புகளும் இலவசம். நாமும் எழுதலாம்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் வந்து நிற்கிற கேள்வி இதுதான்: கர்சர் இப்ப எந்த வரியில நிக்குது? அந்த வரியில என்ன எழுதியிருக்கு? “இதென்ன பிரமாதம், பார்த்தாலே தெரியுதே!” என்பீர்கள். பார்க்கிற நமக்குத் தெரியும். புரோகிராமுக்குக் கண் கிடையாதே! அது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பாகக் கேட்டால் தப்பான வரியில் கை வைக்கும். செய்முறைத் தேர்வு நேரத்தில் ஒரு மாணவனின் புரோகிராமில் நல்ல வரி ஒன்றை எக்ஸ்டென்ஷன் அழித்துவிட்டால் அவன் கதி என்ன? அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு கட்டுரை.

புள்ளியில் தொடங்கிய கதை

‘நடப்பு வரி’ என்ற எண்ணம் திரை வருவதற்கு முன்பே பிறந்தது. 1969-இல் கென் தாம்சன் யுனிக்ஸுக்காக ‘எட்’ என்ற எடிட்டரை எழுதினார். அப்போது பலருக்கு டெலிடைப்தான். தட்டச்சு இயந்திரம் மாதிரி காகிதத்தில் அடிக்கும். திரையும் இல்லை, மின்னும் கர்சரும் இல்லை. எந்த வரியில் வேலை நடக்கிறது என்பதை எடிட்டர் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த வரிக்குப் பெயர் வெறும் புள்ளி. புள்ளியைத் தட்டி என்டர் அடித்தால் நடப்பு வரி அச்சாகும். புள்ளியும் சமக்குறியும் அடித்தால் அதன் எண் வரும்.

பிறகு பில் ஜாய் எழுதிய ‘விஐ’ வந்தது. 1991-இல் பிராம் மூலனார் வெளியிட்ட ‘விம்’ வந்தது. விம்மில் இன்றைக்கும் நடப்பு வரியின் எண் வேண்டுமானால் ‘லைன்’ என்ற ஃபங்ஷனுக்குள் ஒரு புள்ளி, வரியின் வாசகம் வேண்டுமானால் ‘கெட்லைன்’ என்ற ஃபங்ஷனுக்குள் அதே புள்ளி. காகிதத்தில் அடித்த காலத்துப் புள்ளி இன்னும் உயிரோடு இருக்கிறது!

எதற்காக வரியைப் படிக்க வேண்டும்?

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். நானும் வகுப்புத் தோழர்கள் இருவரும் 8085 அசெம்பிளி புரோகிராமுக்கு ஒரு சிறு எக்ஸ்டென்ஷன் எழுதினோம். கர்சர் எந்த வரியில் நிற்கிறதோ, அந்த வரியின் கட்டளை எத்தனை பைட், எத்தனை டி-ஸ்டேட், என்ன செய்கிறது என்று கீழே ஸ்டேட்டஸ் பாரில் தமிழில் காட்டும். ‘எம்விஐ சி, எஃப்எஃப்எச்’ என்ற வரியில் நின்றால் ‘2 பைட், 7 டி-ஸ்டேட், சி ரிஜிஸ்டரில் மதிப்பைப் போடு’ என்று வரும். ‘டிசிஆர் சி’ வரிக்கு இறங்கினால் ‘1 பைட், 4 டி-ஸ்டேட்’. அடுத்த ‘ஜேஎன்இசட்’ வரியில், தாவினால் 10, தாவாவிட்டால் 7.

டிலே கணக்கு போட்டுத் தலை சுற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த இரண்டு வரி 255 சுற்று ஓடினால் 14 × 254 + 11 = 3567 டி-ஸ்டேட். கிளாக் 3 மெகாஹெர்ட்ஸ் என்றால் 1189 மைக்ரோ செகண்ட். பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே வந்து, ஆங்கிலக் கையேட்டைப் புரட்டத் தயங்கும் முதலாண்டுத் தம்பிகளுக்கு, கர்சரை நகர்த்தினாலே தமிழில் விளக்கம் வருவது பெரிய உதவி அல்லவா?

மூன்று படிகள்

இனி வரும் பெயர்களை நிரலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே உச்சரிப்பை மட்டும் தருகிறேன்.

முதல் படி, எந்த எடிட்டர் என்று கேட்பது: வின்டோ.ஆக்டிவ்டெக்ஸ்ட்எடிட்டர். எந்த ஃபைலும் திறக்காமல் இருக்கலாம். படம் ஒன்று திறந்திருக்கலாம். அப்போது இதற்குப் பதில் ‘அன்டிஃபைன்ட்’, அதாவது ஒன்றும் இல்லை. ஆகவே ‘எடிட்டர் இருக்கிறதா?’ என்று ஒரு ‘இஃப்’ போட்டுவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி, கர்சர் இருக்கும் வரியின் எண்: எடிட்டர்.செலக்‌ஷன்.ஆக்டிவ்.லைன்.

மூன்றாம் படி, அந்த வரியின் வாசகம்: எடிட்டர்.டாக்குமென்ட்.லைன்அட். இதற்குள் அந்த எண்ணைக் கொடுத்து, வருவதில் ‘டெக்ஸ்ட்’ என்பதை எடுத்தால் வரி முழுவதும் கையில். வரி முடிவுக் குறி மட்டும் அதில் சேராது. வரி காலியா, வெறும் இடைவெளியா என்பதையும் அதுவே சொல்லும்.

அவ்வளவுதானா? அவ்வளவுதான். ஆனால் வழியில் பள்ளங்கள் உண்டு.

கவனிக்க வேண்டியவை

1. எண்ணிக்கை எங்கே ஆரம்பம்? விஷுவல் ஸ்டுடியோ கோட் எக்ஸ்டென்ஷனுக்கு முதல் வரி 0. திரையில் நாம் பார்ப்பது 1. ஆகவே பயனாளருக்குக் காட்டும்போது மட்டும் ஒன்றைக் கூட்டுங்கள்; உள்ளே கணக்கில் கூட்டாதீர்கள். எல்லா எடிட்டரும் இப்படி இல்லை. விம்மில் வரி 1-இலிருந்து. நியோவிம்மில் கர்சர் எங்கே என்று கேட்டால் வரியை 1-இலிருந்தும் நெடுக்கையை 0-இலிருந்தும் எண்ணித் தரும். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் அப்படியே ஒட்டினால் ஒரு வரி தள்ளிப்போகும்.

2. செலக்‌ஷனுக்கு இரண்டு முனை. இழுக்க ஆரம்பித்த இடம் ‘ஆங்கர்’. கர்சர் இப்போது நிற்கும் இடம் ‘ஆக்டிவ்’. கீழிருந்து மேலே இழுத்தால் ஆக்டிவ் மேலே இருக்கும். கன்ட்ரோல்-எல் அடித்து ஒரு முழு வரியைத் தேர்வு செய்து பாருங்கள். கர்சர் அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நிற்கும். அப்போது ‘ஆக்டிவ்’ வரியை அழிக்கச் சொன்னால், தேர்வு செய்த வரி தப்பிக்கும், அடுத்த வரி அழியும்! செலக்‌ஷன் ஏதாவது இருந்தால் ‘ஸ்டார்ட்’, ‘எண்ட்’ இரண்டையும் பாருங்கள். ‘எண்ட்’ ஒரு வரியின் 0-ஆம் நெடுக்கையில் இருந்தால் அந்த வரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. கர்சர் ஒன்றுதானா? ஆல்ட் பட்டனை அமுக்கிக்கொண்டு கிளிக் செய்தால் பல கர்சர் வரும். எடிட்டர்.செலக்‌ஷன் என்பது அவற்றில் முதலாவது மட்டும். எல்லாம் வேண்டுமென்றால் பன்மையில் ‘செலக்‌ஷன்ஸ்’ என்று கேட்க வேண்டும்.

4. தமிழ் எழுத்தின் கணக்கு. இது நமக்கே உரிய விஷயம். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. விஷுவல் ஸ்டுடியோ கோட் யுடிஎஃப்-16 அலகில் எண்ணுவதால் அதற்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. விம்மும் நியோவிம்மும் நெடுக்கையை யுடிஎஃப்-8 பைட்டில் எண்ணும். அங்கே ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. வரி முழுவதையும் படிக்கும்போது இதனால் தொல்லை இல்லை. தமிழில் கமென்ட் எழுதிய வரியில் இத்தனையாவது எழுத்து என்று வெட்டப் போனால்தான் குறி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது. நம் கண்ணில்தான் படும்.

5. மடிந்த வரி. நீளமான வரி திரையில் மடிந்து மூன்று வரியாகத் தெரியலாம். லைன்அட்டுக்கு அது ஒரே வரிதான்.

6. பதில் பழசாகிவிடும். லைன்அட் தருவது அந்த நொடியின் நிலவரம். பிறகு வரி மாறினால் கையில் இருப்பது தானாக மாறாது. எக்ஸ்டென்ஷன் வேறொரு பிராசஸில் ஓடுகிறது. வரி எண்ணை வாங்கிக்கொண்டு, இணையத்தில் எதையோ கேட்டுவிட்டு, இரண்டு செகண்ட் கழித்து வந்து அதே எண்ணில் எழுதினால் என்ன ஆகும்? இடையில் பயனாளர் மேலே ஒரு வரி சேர்த்திருப்பார். 12-ஆம் வரி 13 ஆகியிருக்கும். இதற்கு மருந்து உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் டாக்குமென்ட்டின் ‘வெர்ஷன்’ எண் கூடும். போகும்போது குறித்துக்கொள்ளுங்கள், வந்ததும் ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் எழுதாதீர்கள், மறுபடி கேளுங்கள்.

எப்போது கேட்பது?

எங்கள் எக்ஸ்டென்ஷன் கர்சர் நகரும்போதெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ‘ஆன்டிட்சேஞ்ச்டெக்ஸ்ட்எடிட்டர்செலக்‌ஷன்’ என்ற ஈவென்ட் இருக்கிறது. பெயர் ரயில் மாதிரி நீளம்; வேலை எளிது. ஆனால் டெலிட் பட்டனை அமுக்கிப் பாருங்கள்: கர்சர் இருந்த இடத்திலேயே இருக்கும், வரி மட்டும் மாறும். ஆகவே டாக்குமென்ட் மாறும் ஈவென்டையும், எடிட்டர் மாறும் ஈவென்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். மூன்றிலும் ஒரே ஃபங்ஷனைக் கூப்பிட்டு, வரியின் வாசகம் முன்பு பார்த்ததே என்றால் சும்மா திரும்பிவிடலாம். மெதுவான லேப் கம்ப்யூட்டரிலும் இழுக்காமல் ஓடும்.

நண்பர்களே! பிறர் வரியில் கை வைக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள்: எந்த எடிட்டர்? எந்த முனை? எதிலிருந்து எண்ணிக்கை? இன்னும் அதே வரிதானா? இந்த நாலுக்கும் பதில் வந்துவிட்டால் மீதி வேலை உங்கள் கற்பனை. மெக்கானிக்கல் நண்பர்கள் சிஎன்சி புரோகிராமில் ஜி-கோடு வரிக்கு விளக்கம் காட்டலாம். கம்ப்யூட்டர் நண்பர்கள் சி மொழிக்குத் தமிழ்க் குறிப்பு கொடுக்கலாம். இறுதியாண்டு புராஜெக்டை விலைக்கு வாங்கி பைண்டு போடுவதைவிட, நாற்பது வரியில் நாமே எழுதியது ஆயிரம் மடங்கு மேல். நமக்குப் பின் வரும் தம்பி தங்கைகளுக்கும் அது கை கொடுக்கும்.

முயன்று பாருங்கள். முடியும்!

— மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை