தக்காளிக்கும் ஒரு கஞ்சி

பாவுக்குக் கஞ்சி இடாமல் தறியேற்றும் நெசவாளர் இலர். அதையொத்த மெல்லிய பூச்சொன்றைப் பறித்த தக்காளிக்கும் இடலாம் என்றால் நமது விவசாய அங்கத்தினர்கள் வியப்படையக் கூடும்.

தக்காளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பங்கு தண்ணீர். பறித்த பின்பும் காய் மூச்சு விடுகிறது. எத்திலீன் என்னும் வாயுவைத் தானே உண்டாக்கிப் பழுக்கிறது. இலையிலுள்ள நுண்துளைகள் அதன் தோலில் இல்லை. ஆதலால் காற்று பெரும்பாலும் காம்பு கழன்ற வடுவின் வழியாகவே போய்வருகிறது. அவ்வழியைச் சற்றுக் குறுக்கினால் பழுப்பது தாமதமாகும். எடையும் மெதுவாகவே குறையும். எடைக்கு விற்கும் பொருளில் இது சிறிய விஷயமன்று.

நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளையினர் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வீதம் அரபுப் பிசினைக் கரைத்து, முற்றிய பச்சைக் காய்களை அதில் தோய்த்தெடுத்தனர். 20 டிகிரி வெப்பத்தில் அவை 20 நாள் வரை கெடாமல் இருந்தன. அரபுப் பிசின் நமது கருவேலத்திற்கு உறவான மரத்தின் பிசினே. பிரேசில் நாட்டினர் முந்திரிப் பிசினை மா, கொய்யா ஆகியவற்றின்மீது பூசிச் சோதித்துள்ளனர். முந்திரிக்குப் பெயர்பெற்ற பண்ணுருட்டிக்கு அருகிலிருந்துகொண்டு, கொட்டையை மட்டும் எண்ணி, மரத்தில் வழியும் பிசினை நாம் கணக்கிலேயே கொள்ளாதிருக்கிறோம்!

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் இலங்கை நிலையமொன்றும் கூடி ஆராய்ந்த ஹெக்சனால் வேறு வகை. தாவரங்களில் இயற்கையாக உண்டாகும் இப்பொருள் பழத்தின் அணுச் சவ்வைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. மாமரங்களில் அறுவடைக்கு முன்பே அதனைத் தெளித்துப் பார்த்தனர்.

மேல்பட்டாம்பாக்கத்து வெயிலில் 20 டிகிரி எங்கே கிடைக்கும்? ஆகவே 20 நாளை இங்கே எதிர்பார்த்தல் தவறு. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைக் கடந்து, கூட்டுறவுக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததே, அத்தகைய பஞ்ச காலம் வரை எந்தப் பூச்சும் காயைக் காத்துத் தராது. பண்ணுருட்டியிலும் நெல்லிக்குப்பத்திலும் வரத்து மிகுந்து வண்டிக் கூலியும் கட்டாத நாளில், இரண்டு மூன்று நாள் பொறுத்து விற்க முடிந்தாலே விவசாயிக்குப் பெரும் ஆறுதல்.

சங்கப் பணத்தை முதலிலேயே இதில் முடக்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஒரே நாளில் பறித்த, அடிபடாத காய்களில் இரண்டு கூடை எடுத்து, கழுவி நிழலில் உலர்த்தி, ஒன்றுக்கு மட்டும் பூச்சிட்டு, இரண்டையும் தினந்தோறும் நிறுத்துக் குறித்து வருக. உணவுக்கென விற்கும் பிசினையே வாங்குக. அழுகல் தொடங்கிய காயைப் பூச்சு குணப்படுத்தாது. கரைசல் மிகக் கெட்டியானால் உள்ளே காற்றின்றிக் காய் புளித்து நாறும்; கஞ்சி தடித்த பாவு படும் பாட்டை நெசவாளர் அறிவர். வாழைத்தாருக்கு அருகே கூடையை வைத்தால் அதன் எத்திலீனே தக்காளியைப் பழுக்க வைத்துவிடும்.

பிசின் விலை, தோய்க்கும் கூலி, கழிந்த காய் ஆகியவற்றைக் கூடைவாரியாகக் குறித்து நிர்வாகக் குழுவின்முன் வைத்தால், அடுத்த பருவத்திற்குப் பொதுத் தொட்டி ஒன்று வாங்கலாமா என்பதை அக்கணக்கைக் கொண்டே தீர்மானிக்கலாம். விற்பனைக்கு அனுப்பும் முன் உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.