'என்ன வேலை பார்க்கிறீங்க?': இதைக் கேட்கும் டாக்டர்கள் ஏன் குறைவு?

ராஜஸ்தானில் கல் குவாரித் தொழிலாளி ஒருவர் தீராத இருமலோடு மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல் தெரிகிறது. காசநோய் மாத்திரை தருகிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டும் மூச்சுத்திணறல் நிற்கவில்லை. காரணம், அது கல் தூசியால் வரும் சிலிகோசிஸ். கெட்டுப்போன நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. சீக்கிரம் கண்டுபிடித்துத் தூசியிலிருந்து விலக்கினால்தான் பாதிப்பைக் குறைக்க வாய்ப்பு.

இதில் பணமும் இருக்கிறது. ராஜஸ்தான் அரசின் 2019 கொள்கைப்படி, சிலிகோசிஸ் என்று மருத்துவக் குழு சான்றளித்தால் 3 லட்சம் ரூபாய் நிவாரணம். 'காசநோய்' என்று எழுதிவிட்டால் அதுவும் போச்சு.

சட்டம் இருக்கே?

இருக்கிறது. 1984 போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகளில் வேலைக்குச் சேரும் முன்பும், பிறகு 12 மாதங்களுக்கு ஒருமுறையாவதும் மருத்துவப் பரிசோதனை கட்டாயமானது. ஈய நச்சு, சிலிகோசிஸ் போன்ற பட்டியலிட்ட நோய்களைக் கண்டால் டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது.

ஆனால் தெரிவிக்கணும்னா முதலில் கண்டுபிடிக்கணுமே? கண்டுபிடிக்காத நோய் கணக்கில் வராது. கணக்கில் வராத நோய்க்கு பட்ஜெட்டும் வராது.

டாக்டர்கள் ஏன் வருவதில்லை?

முதல் காரணம், அறிமுகமே குறைவு. எம்பிபிஎஸ் படிப்பில் இது சமூக மருத்துவப் பாடத்துக்குள் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

இரண்டாவது, படிப்பு. ஆலை டாக்டர் ஆக விரும்புவோருக்கு இங்கே பரவலான வழி 'ஏஎஃப்ஐஎச்' என்ற மூன்று மாதச் சான்றிதழ் படிப்பு. மும்பையில் உள்ள மத்தியத் தொழிலாளர் கல்வி நிலையம், சென்னை மண்டல நிலையம் போன்றவை இதை நடத்துகின்றன. பிரிட்டனில் இதே துறையில் நிபுணராக நான்கு ஆண்டு சிறப்புப் பயிற்சி தேவை. மூன்று மாதப் படிப்பை நம்பி, இதய மருத்துவம், தோல் மருத்துவத்தை விட்டுவிட்டு யார் வருவார்?

மூன்றாவது, தர்மசங்கடம். சம்பளம் தருவது நிர்வாகம். 'இந்த நோய் இந்த ஆலையால் வந்தது' என்று எழுத வேண்டியதும் அதே டாக்டர்தான்.

என்ன செய்தால் வருவாங்க?

மூன்று காரணங்களுக்கும் மூன்று பதில்கள். வார்டில் பயிற்சி பெறுவதுபோல் ஆலையிலும் குவாரியிலும் மாணவர்களுக்குப் பயிற்சி. நிபுணர் அந்தஸ்து தரும் முழுநேர முதுநிலை இடங்கள். நிர்வாகத்தின் தயவில் இல்லாத பதவிப் பாதுகாப்பு. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டை மட்டும் செய்தால், நன்றாகப் படித்த டாக்டரும் வாய்மூடி இருக்க வேண்டியதுதான்.

இது குவாரிப் பிரச்சினை மட்டுமல்ல. நைட் ஷிஃப்ட்டால் கெடும் தூக்கம், லேப்டாப் முன்னால் பிடித்துக்கொள்ளும் கழுத்து எல்லாம் இதே துறைதான். அடுத்த முறை டாக்டர் கேட்காவிட்டாலும், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.