வானொலிப் பள்ளியும் வகுப்பறைக் கணினியும்

கொலம்பியா நாட்டின் மலைப்பகுதியில் சுதத்தென்சா என்றொரு சிற்றூர் உண்டு. 1947-ஆம் ஆண்டு அவ்வூர்ப் பங்கிற்கு உதவிக் குருவாக வந்து சேர்ந்தார் ஹோசே ஹோவாக்கின் சல்செதோ என்னும் இளங்குரு. மலைச்சரிவுகளில் சிதறிக் கிடந்த குடிசைகளில் வாழ்ந்த உழவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பள்ளிக்கு வர அவர்களால் இயலாது. பள்ளியை அவர்களிடம் கொண்டு செல்லவோ ஆசிரியர்கள் இல்லை. தந்தை சல்செதோ வானொலிக் கலையில் ஈடுபாடு மிக்கவர். சிறியதோர் ஒலிபரப்புக் கருவியை அமைத்து, அக்குடிசைகளுக்குப் பாடம் அனுப்பத் தொடங்கினார். பின்னாளில் நாடெங்கும் பரவிய வானொலிப் பள்ளிகளின் தொடக்கம் இதுவே.

அம்முயற்சியின் வெற்றி வானொலிப் பெட்டியில் மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியின் அருகிலும் ஓர் உதவியாளர் இருந்தார். அவர் பட்டம் பெற்ற ஆசிரியரல்லர். ஓரளவு படிக்கத் தெரிந்த வீட்டு மகனோ, அண்டை வீட்டுக்காரரோதான். ஒலிபரப்பு வேளையில் அவர் அக்கம்பக்கத்தாரை ஒன்றுகூட்டுவார். வானொலிக் குரல் சொல்வதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். தடுமாறுவோரின் கையைப் பிடித்து எழுதுவிப்பார். பாடத்துக்கெனச் சிறு நூல்கள் அச்சாயின. 1958 முதல் உழவர்களுக்கென ஒரு வார இதழும் வெளிவந்தது. புதிதாக எழுத்துக் கற்றோர் நிலையத்துக்கு எழுதிய கடிதங்கள் பல இலட்சம். (எழுதப் பழகியவுடன் யாருக்கேனும் கடிதம் வரைய வேண்டுமென்னும் ஆவல் எந்நாட்டாருக்கும் பொதுவானது போலும்!)

ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய இச்செய்தியை நாம் இன்று நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வி ஒரே நாளில் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. உலகில் 3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய வசதி இல்லையென்று யுனிசெப் நிறுவனம் அவ்வாண்டின் இறுதியில் அறிவித்தது. நம் பங்குகளில் நாம் கண்டதும் இதுவே. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் காலையில் தந்தையுடன் வேலைக்குப் போய்விடும். இரவில் திரும்பும்போது பிள்ளை உறங்கியிருப்பாள். அண்ணனும் தங்கையும் உள்ள வீட்டில், அண்ணனின் பிளஸ் டூ தேர்வுக்கு முன்னே தங்கையின் எட்டாம் வகுப்புப் பாடம் என்றும் இரண்டாம் இடந்தான்.

தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 அன்றே தொடங்கப்பட்டிருந்தது பெரும் பேறாயிற்று. கைப்பேசி இல்லாத வீட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. வகுப்புவாரியாகப் பாடங்கள் வந்தன. எனினும், "எனக்கு இது விளங்கவில்லை" என்று அப்பெட்டியிடம் பிள்ளை எவ்வாறு சொல்லும்? 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' அக்குறையை ஓரளவு தீர்த்தது. மாலை வேளையில் ஊர்ப் பெண்களே பலர் தன்னார்வலர்களாகித் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தனர். சுதத்தென்சாவின் உதவியாளரை அவர்களிடம் நாம் மீண்டும் கண்டோம்.

உதவியாளரின்றிக் கருவியை மட்டும் கொடுத்தால் என்ன நேரும்? பெரு நாட்டில் அது நடந்தது. பிள்ளைக்கொரு மடிக்கணினி என்னும் திட்டத்தின்கீழ் சிற்றூர்ப் பள்ளிகளுக்குக் கணினிகள் வாரி வழங்கப்பட்டன. 319 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்த அறிஞர்கள், சுமார் 15 மாதங்களுக்குப் பின்னும் கணக்கிலோ மொழியிலோ மாணவர் தேர்ச்சி உயரவில்லையென 2012-இல் எழுதினர். பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் சிறிது முன்னேற்றம் தென்பட்டதாம்.

தமிழகத்தில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அரசுப் பள்ளிகளோடு உதவி பெறும் நம் பள்ளிகளின் மேல்நிலை மாணவருக்கும் அது கிடைத்தது. பல குடும்பங்கள் கண்ட முதல் கணினி அதுவே. ஆயின் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஐந்து வயதில் தொட்டதை, ஏழைப் பிள்ளை பதினாறு வயதில் தொட்டது.

நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுவோம். மறைமாவட்ட வளாகங்கள் சிலவற்றில், கட்டணம் பெறும் ஆங்கிலப் பள்ளியின் வகுப்புதோறும் மின்திரை ஒளிர்கிறது; அதே மதிலுக்குள் இருக்கும் தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் மின்விசிறியும் சுழல்வதில்லை. மாலை நான்கு மணிக்குப் பின்னர் அத்திரைகள் யாருக்கும் பயனின்றிப் பூட்டிய அறைகளில் கிடக்கின்றன. இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து வைக்கவும், இளைஞர் இயக்கத்தில் இருவரை அங்கே நிறுத்தவும் பெருஞ்செலவு ஆகாது. பாடங்களை முன்கூட்டியே பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் இணையம் அறுந்தாலும் கவலையில்லை. "இணையத்தில் தேடி எழுதி வா" என்று வீட்டுப்பாடம் தரும் ஆசிரியர், அத்தேடலைப் பள்ளியிலேயே செய்ய இடம் தருவாராயின், கைப்பேசி இல்லாத பிள்ளை மறுநாள் தலைகுனிந்து நிற்க நேராது.

வகுப்பறைக்குள்ளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூவருக்கு ஒரு கணினி என்றால், முன்பே பழகிய பிள்ளை முந்திக்கொண்டு மவுசைப் பற்றிக்கொள்கிறான். மற்ற இருவரும் வேடிக்கை பார்க்கிறார்கள். ஓர் ஆசிரியை இதற்குக் கண்ட வழி எளியது: சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கொரு முறை மணியடிப்பார், மணியடித்ததும் நடுவில் இருப்பவர் எழுந்துகொள்ள, ஓரத்தில் இருப்பவர் நடுவுக்கு வருவார்.