தாய்மொழியில் பேசினால் கழுத்தில் மரத்துண்டு: 'வெல்ஷ் நாட்' என்றால் என்ன?

ரீசஸ் நேரம். கூட்டாளியிடம் வாய் தவறி ஒரு வார்த்தை தாய்மொழியில் சொல்லிவிடுகிறீர்கள். உடனே அவன், "சார், இவன் பேசிட்டான்!" என்று கத்துகிறான். அதுவரை அவன் கழுத்தில் தொங்கிய மரத்துண்டு உங்கள் கழுத்துக்கு வருகிறது. பள்ளி முடிவதற்குள் அதை வேறொருவரிடம் தள்ளிவிடாவிட்டால், அடி உங்களுக்குத்தான்.

விக்டோரியா மகாராணி காலத்தில், வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் இது நடந்தது. அந்த மரத்துண்டின் பெயர்தான் 'வெல்ஷ் நாட்'. வெல்ஷ் மொழி கூடாது என்று அர்த்தம். டபிள்யூ, என் என்ற இரண்டு எழுத்துகளை அதில் செதுக்கியிருப்பார்கள். இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில. கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் பள்ளிகளில் அடி சாதாரணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிரம்பு, ஸ்காட்லாந்தில் தோல்வார். (பிரம்பு நம் வட்டாரத்துச் சரக்குதான். 'ராட்டன்' என்ற ஆங்கிலச் சொல்லே மலாய் 'ரோத்தான்' என்பதிலிருந்து போனது.) ஆனால் வெல்ஷ் நாட் வேறு ரகம். இதில் ஆசிரியர் யாரையும் கண்காணிக்க வேண்டியதில்லை. மாட்டிக்கொண்ட பிள்ளையே அடுத்த ஆளைத் தேடி அலையும். நாள் முடிவில், சில பள்ளிகளில் வார முடிவில், அது யாரிடம் இருக்கிறதோ அவருக்கு மட்டும் அடி. பகலில் எத்தனை பேர் பேசினார்கள் என்பது கணக்கிலேயே இல்லை!

1847-இல் வெளிவந்த அரசாங்க அறிக்கையில் இதைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. சில பிள்ளைகள் சக மாணவர்களின் வீடுகளுக்கே திருட்டுத்தனமாகப் போய், அங்கே யார் அம்மா அப்பாவிடம் வெல்ஷ் பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்டார்களாம்.

யார் போட்ட உத்தரவு?

லண்டன் அரசாங்கம் சட்டம் போட்டு வெல்ஷ் மொழியைப் பள்ளிகளில் தடை செய்தது என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை. வெல்ஷ் நாட்டைப் பயன்படுத்தலாமா என்று முடிவெடுத்தது அந்தந்தப் பள்ளிதான். ஆசிரியர்களில் பலர் வெல்ஷ் பேசும் வீட்டிலிருந்து வந்தவர்களே. பெற்றோரில் பலர் இதை எதிர்க்கவும் இல்லை. ஆங்கிலம் வந்தால்தான் வேலை, முன்னேற்றம் என்று நம்பினார்கள். எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது இந்த இடம்தான்.

அதற்காக அரசாங்கத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த 1847 அறிக்கையைத் தயாரித்த மூன்று ஆணையர்களுக்கும் வெல்ஷ் தெரியாது. மக்களின் பின்தங்கிய நிலைக்கு அவர்களுடைய மொழியும் ஒரு காரணம் என்று அறிக்கை எழுதினார்கள். 1862-இல் புதிய மானிய விதி வந்தது. ஆய்வாளர் வைக்கும் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வில் பிள்ளைகள் தேறினால்தான் பள்ளிக்கு முழுப் பணம். அந்தத் தேர்வில் வெல்ஷ் மொழிக்கு இடமில்லை.

சரி, ஆங்கிலமாவது வந்ததா?

வீட்டிலும் தெருவிலும் வெல்ஷ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அதைப் பேசாதே என்றால் வாயை மூடிக்கொள்ளத்தான் தெரியும். பலர் ஆங்கிலப் பாடத்தை அர்த்தம் புரியாமல் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். மரத்துண்டு அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பாலும் காணாமல் போய்விட்டது.

வெல்ஷ் மொழி குறைந்ததற்கு இது மட்டுமே காரணம் இல்லை. சுரங்கங்களும் ஆலைகளும் வெளியாட்களைக் கூட்டி வந்தன. 1901-இல் வேல்ஸ் மக்களில் சுமார் பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் அது 17.8 விழுக்காடு.

சிறுவயதில் அந்த மரத்துண்டைச் சுமந்தவர்களில் ஒருவர் ஓவன் எட்வர்ட்ஸ். 1858-இல் பிறந்தவர். அந்த அனுபவத்தைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். 1907-இல் வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளர் பதவி அவரிடம் வந்தது. பள்ளிகளில் வெல்ஷ் கற்பிக்கச் சொல்லி வற்புறுத்தினார்.

1999 முதல், வேல்ஸின் அரசுப் பள்ளிகளில் 16 வயது வரை வெல்ஷ் கட்டாயப் பாடம். 2022 மார்ச் முதல் அங்கே பெற்றோரும் பிள்ளைகளை அடிக்கக்கூடாது.