தூக்குவது சுலபம், நிற்பதுதான் கஷ்டம்

துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்கும் கிரேன் ஒரே முறையில் தூக்குவது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? நாற்பதடிப் பெட்டி ஒன்று சரக்கோடு சேர்ந்து 30 டன் சொச்சம். இருபதடிப் பெட்டிகள் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் 60, 65 டன். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிரேனின் சொந்த எடை, பெரிய ரகமாக இருந்தால், 1,500 டன்னில் தொடங்கி 2,000 டன் வரை போகும். தன் எடையில் 25-ல் ஒரு பங்கைத் தூக்க இத்தனை இரும்பா?

தூக்குவதற்கு மட்டும் என்றால் தேவையில்லை. ஒரு மோட்டார், கம்பிவடம் சுற்றும் ஓர் உருளை, நான்கைந்து கப்பிகள் போதும். மீதி இரும்பெல்லாம், தூக்கிய பிறகு கவிழாமல், வளையாமல், ஆடாமல், விரிசல் விடாமல் நிற்பதற்காக. பெரிய கிரேன்களின் பொறியியல் என்பது பெரும்பாலும் இந்த நிற்கும் கலைதான்.

முதலில் இந்தப் பிராணி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கன்டெய்னர் யுகம் தொடங்கியது அங்கேதான் என்பார்கள். ஆனால் அதற்கென்றே கரையில் ஒரு கிரேன் பிறந்தது 1959 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் அலமீடாவில். மேட்சன் கப்பல் கம்பெனிக்காக பேசிகோ நிறுவனம் செய்த அந்தக் கிரேன், 18 டன் பெட்டி ஒன்றை மூன்று நிமிடத்துக்கு ஒன்றாகக் கையாண்டது. இன்று சென்னையிலோ தூத்துக்குடியிலோ கொழும்பிலோ நீங்கள் பார்க்கும் கிரேன்களுக்கு அடிப்படை அமைப்பு அதுவேதான். தண்டவாளத்தில் ஓடும் நான்கு கால்கள், மேலே கடலை நோக்கி நீளும் ‘பூம்’ என்ற உத்தரம், அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் டிராலி, டிராலியிலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் ‘ஸ்பிரெட்டர்’ என்ற சட்டம். ஸ்பிரெட்டரின் நான்கு மூலையிலும் ஒரு முளை இருக்கும். பெட்டியின் மூலை ஓட்டைக்குள் அது இறங்கிக் கால் சுற்று திரும்பினால் பூட்டு விழுந்துவிடும்.

இனி நிற்கும் விஷயம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பது வேறு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு. கிரேனுக்கு வாய்த்தது இரண்டாவது வேலை. கப்பல் கரைக்கு வெளியே கிடக்கிறது. அதன் மறுபக்கத்து ஓரத்தில் அடுக்கிய கடைசி வரிசைப் பெட்டியையும் எட்ட வேண்டும். இன்றைய பெரிய கிரேன்களில் பூம், முன்தண்டவாளத்திலிருந்து 65 மீட்டருக்கும் மேல் கடலுக்குள் நீள்கிறது. ஆனால் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் நடுவே உள்ள தூரம் பல துறைமுகங்களில் 30 மீட்டர்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டி, ஸ்பிரெட்டர், டிராலி எல்லாம் சேர்த்து 100 டன் என்று வைத்துக்கொள்வோம். அது 65 மீட்டர் தள்ளி நிற்கிறது. 100-ஐ 65-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் சுமார் 217. அதாவது பின்கால்களை 217 டன் விசை மேல்நோக்கி நெம்புகிறது. முன்கால்களோ 317 டன்னைக் கூடுதலாக வாங்குகின்றன. பூமின் சொந்த எடையும் கடல்பக்கம் தொங்குகிறது என்பதை இதில் சேர்க்கவே இல்லை. மோட்டார்களும் உருளைகளும் அடங்கிய எந்திர அறையைப் பெரும்பாலான கிரேன்களில் மேலே பின்பக்கமாக வைத்திருப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். அந்தக் கனமும் ஒரு வேலை செய்கிறது.

இவ்வளவு எடையும் கடைசியில் போய் உட்காருவது சக்கரங்களின் மேல். ஒவ்வொரு மூலைக்கும் எட்டு, சிலவற்றில் பத்து. கிரேனின் அடிப்பகுதியைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஓர் அழகான ஏற்பாடு தெரியும். காலின் அடியில் ‘பின்’ என்ற பெரிய அச்சாணி. அதில் தொங்குகிறது நடுவில் மட்டும் பிடிக்கப்பட்ட ஓர் உத்தரம். அந்த உத்தரத்தின் இரு முனைகளிலும் இன்னும் சிறிய உத்தரங்கள், அவற்றின் முனைகளில் அதைவிடச் சிறியவை, கடைசியில் சோடி சோடியாகச் சக்கரங்கள். ஒவ்வொரு உத்தரமும் தன் பின்னில் லேசாக அசையும். தண்டவாளம் ஓரிடத்தில் சில மில்லிமீட்டர் பள்ளமாக இருந்தாலும் உத்தரங்கள் தாமாகச் சாய்ந்து, எட்டுச் சக்கரத்துக்கும் சமபங்காக எடையைப் பிரித்துவிடும். கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. இந்தக் கிரேனில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மேலே ஆகாயத்தைப் பார்த்துப் படம் எடுப்பவர்கள் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

பூம் வளையாமலிருக்க, கிரேனின் உச்சியிலிருந்து அதை இழுத்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள் உண்டு. கப்பல் வரும்போதும் போகும்போதும் கப்பலின் மேல்தளம் இடிக்காதபடி பூமை மேலே மடக்க வேண்டும் என்பதால், இந்தப் பட்டைகளும் நடுவில் கீல் வைத்து மடங்கும்படி செய்யப்பட்டவை. அந்தக் கீல்களில் இருக்கும் பின்கள் கிரேனின் உயிர்நாடி. அந்த இடத்தில் ஒன்று போனால் தாங்கிப்பிடிக்க மாற்று வழி குறைவு. அதனால் சோதனை செய்பவர்கள் முதலில் ஏறுவது அங்கேதான்.

வலு இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. 30 மீட்டர் கம்பிவடத்தில் தொங்கும் பெட்டி ஒரு ஊசல். ஒருமுறை போய்த் திரும்ப 11 விநாடி எடுக்கும். டிராலி நிமிடத்துக்கு 240 மீட்டர் வேகத்தில் ஓடி நின்றால் பெட்டி முன்னால் வீசும். கைதேர்ந்த ஆபரேட்டர், பெட்டி வீச்சின் எல்லையைத் தொடும் கணத்தில் டிராலியை அதன் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். ஆட்டம் அங்கேயே அடங்கிவிடும். இதையெல்லாம் அவர் செய்வது டிராலியோடு சேர்ந்து ஓடும் கேபினில், கண்ணாடித் தரை வழியாகத் தன் கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபடி. கழுத்துவலியும் இடுப்புவலியும் இந்தத் தொழிலோடு வருபவை. இப்போது பல கிரேன்களில் ஆட்டத்தை அடக்கும் மின்னணு ஏற்பாடும் வந்துவிட்டது.

பெட்டி ஆடுவது ஒருபுறமிருக்க, டிராலி பிரேக் போடும்போது கிரேனே ஆடினால்? இலக்கு நகர்ந்துகொண்டே இருந்தால் பெட்டியை எங்கே வைப்பது? ஆகவே முறிந்துவிடாத அளவுக்கு மட்டும் இரும்பு போட்டால் கிரேன் நிற்கும், ஆனால் வேலைக்கு உதவாது. விறைப்புக்காகவே பல பாகங்களைப் பருமனாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்தது களைப்பு. மணிக்கு 30 பெட்டி, நாளுக்கு 10 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் வருடம் 90,000 தூக்கல். 20 வருடத்தில் 18 லட்சம். ஒவ்வொரு தூக்கலிலும் பூம் ஒருமுறை சுமையேறி ஒருமுறை இளைப்பாறுகிறது. ஒருமுறை தாங்கும் இரும்பு பதினெட்டு லட்சம் முறை தாங்கும் என்று சொல்ல முடியாது. விரிசல் பெரும்பாலும் தொடங்குவது வெல்டிங்கின் ஓரத்தில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதிக விலை கொடுத்து இரண்டு மடங்கு வலுவான எஃகு வாங்கிப் போட்டாலும் வெல்டிங் செய்த இணைப்பின் களைப்பு தாங்கும் ஆயுள் ஏறக்குறைய அதேதான். அங்கே கணக்கு, சுமை ஏறி இறங்கும் வீச்சும் இணைப்பின் வடிவமும்தான். ஆகவே நல்ல வடிவமைப்பாளர் எஃகின் ரகத்தைவிட, எந்தத் தகடு எந்தத் தகட்டோடு எந்தக் கோணத்தில் சேர்கிறது என்பதிலேயே அதிக நேரம் செலவிடுவார். கைப்பிடிச் சட்டத்துக்கோ மின்கம்பிக்கோ ஒரு சிறு துண்டை, கண்ட இடத்தில், பூமின் மேல் பற்றவைப்பது அவருக்குப் பிடிக்காத காரியம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி காற்று. நொடிக்கு 20 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை சுமார் 25 கிலோ விசையோடு தள்ளும். ஏறக்குறைய அந்த வேகத்தோடு வேலை நிறுத்தப்படும். புயலில் வேகம் 50 மீட்டரானால் தள்ளும் விசை இரண்டரை மடங்கல்ல, 156 கிலோ, அதாவது ஆறு மடங்குக்கும் மேல். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். சக்கரத்தின் மேல் நிற்கும் பொருள் என்பதால் காற்று அதைத் தண்டவாளத்தோடு உருட்டிக்கொண்டும் போகும். ஓடிய கிரேன் பக்கத்துக் கிரேனை இடித்து அதையும் சாய்க்கும். இதைத் தடுக்கத் தளத்தில் பதித்த குழிக்குள் தடித்த முளைகளை இறக்குகிறார்கள், காலை மேலெழும்பாமல் கட்டிவைக்கிறார்கள். 2003 செப்டம்பர் 12 அன்று மேமி புயல் தென்கொரியாவின் பூசானைத் தாக்கியபோது 11 கன்டெய்னர் கிரேன்கள் அழிந்தன. கட்டும் இணைப்புகளின் பலவீனம் உலகத்துக்கே தெரிந்தது அப்போதுதான். இரண்டு கட்டுகளில் ஒன்று சற்றே தளர்வாக இருந்தால் இறுக்கமானது முழுப் பாரத்தையும் வாங்கி அறுகிறது. பிறகு தளர்ந்ததும் போகிறது. நம் கரையில் 10-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது என்று செய்தியில் கேட்கும்போது, அதற்கு வெகுமுன்பே அங்கே இந்தக் கட்டுகள் இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

நிலநடுக்கத்தில் கதை இன்னும் விசித்திரம். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபேயில் துறைமுகத் தளமே கடலை நோக்கி நகர்ந்தது. முன்தண்டவாளம் ஒருபக்கம் போக, பின்தண்டவாளம் இருந்த இடத்திலேயே நிற்க, கிரேன்களின் கால்கள் அகன்று மடிந்தன. பழைய சிறிய கிரேன்களுக்கு ஒரு தற்காப்பு இருந்தது: குலுங்கும்போது சக்கரம் தண்டவாளத்தைவிட்டு எழும்பி, விசையை மேலே ஏறவிடாது. இன்றைய கனமான, அகலமான கிரேன்கள் அவ்வளவு எளிதில் எழும்பா. குலுக்கல் முழுவதும் கால்களுக்குள் போகிறது.

கரையிலிருந்து இறங்கித் தண்ணீருக்கு வருவோம். மிதக்கும் கிரேனுக்குத் தளமே அசைகிறது. கொக்கியில் பாரம் ஏறியதும் படகு அந்தப் பக்கம் சாயும். சாய்ந்தால் பாரம் இன்னும் வெளியே போகும். வெளியே போனால் இன்னும் சாயும். இதை அடக்க, எதிர்ப்பக்கத் தொட்டிகளில் தண்ணீரை இறைத்துக்கொண்டே தூக்க வேண்டும். ஆகவே மிதவைக் கிரேனில் பம்பும் கிரேனின் ஒரு பாகம்தான். எளிய ரகத்தில், பெரிய மிதவையின் முனையில் ‘ஏ’ வடிவச் சட்டம் இருக்கும். அது திரும்பாது, மிதவையையே இழுவைப் படகுகள் திருப்பும். கப்பல் மீட்பு, பாலம் கட்டுதல் போன்ற வேலைக்கு இது போதும்.

நடுக்கடலுக்கு இது போதாது. அங்கே வருபவை ‘ஸ்லைப்னிர்’ போன்ற கிரேன் கப்பல்கள். நெதர்லாந்தின் ஹீரிமா நிறுவனத்துக்காகச் சிங்கப்பூரில் கட்டி 2019-இல் வேலைக்கு வந்த அதன் நீளம் 220 மீட்டர், அகலம் 102 மீட்டர். மேலே 10,000 டன் தூக்கும் கிரேன்கள் இரண்டு. வேலை செய்யும்போது அதன் மிதவைகள் நீருக்கு அடியில் மூழ்கியிருக்கும். நீர்மட்டத்தைக் கிழிப்பவை சில தூண்கள் மட்டுமே. அலைக்குப் பிடித்து ஆட்டக் கிடைப்பது அந்தத் தூண்களின் சிறு பரப்புதான். அதனால் சாதாரண அலைகளுக்கு அது அதிகம் அசைவதில்லை. அதே 2019 செப்டம்பரில் மத்தியதரைக் கடலில் லெவயதன் எரிவாயுத் தளத்தின் 15,300 டன் மேற்கட்டுமானத்தை இரண்டு கிரேனும் சேர்ந்து தூக்கி வைத்தன. முன்னே சொன்ன 2,000 டன் கரைக் கிரேன்களில் ஏழைச் சேர்த்துக் கட்டிய எடையைவிட அது அதிகம்.

பாரம் இருக்கும்போது மட்டும் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது; அது திடீரென்று விடுபட்டாலும் ஆபத்துதான். 2020 மே 2 அன்று ஜெர்மனியின் ராஸ்டாக் துறைமுகத்தில் ‘ஓரியன்’ கப்பலின் புதிய 5,000 டன் கிரேனைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 5,500 டன் வரை ஏற்றிப் பார்ப்பது திட்டம். ஏறத்தாழ 2,600 டன்னிலேயே கொக்கி உடைந்தது. கம்பிவடங்களிலும் உத்தரத்திலும் இழுபட்டிருந்த விசை ஒரே நொடியில் விடுபட, பூம் பின்னால் எகிறிக் கிரேனின் மேலேயே விழுந்து நொறுங்கியது. கொக்கி உடையும்வரை கிரேனின் எஃகுச் சட்டம் தாங்கியது. முதலில் முறிந்தது வெளியிலிருந்து வாங்கிய கொக்கி.

ஐடியல் எக்ஸ் ஏற்றிய 58 பெட்டிகள், இன்று 61 மீட்டர் அகலக் கப்பலில், இருபதடிப் பெட்டிக் கணக்கில், 24,000-ஐத் தாண்டிவிட்டன. கப்பல் அகலமாகும் ஒவ்வொரு முறையும் பூம் நீள்கிறது, கால்கள் உயர்கின்றன. பழைய கிரேனின் கால்களை வெட்டி, அப்படியே ஜாக்கியால் உயர்த்தி, நடுவே புதுத்துண்டு வைத்துப் பற்றவைக்கும் வித்தையும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் உயர்ந்த கிரேன் கனத்த கிரேன். அதைத் தாங்க வேண்டிய ‘பைல்’ என்ற அடித்தளத் தூண்களோ பல வருடங்களுக்கு முன், சிறிய கிரேனுக்காகக் கடலடியில் இறக்கப்பட்டவை. பெரிய கிரேன் வாங்கத் திட்டமிடும் துறைமுகம் எதுவாயினும், விலை கேட்கும் முன் தன் தளத்தின் பைல் கணக்கை எடுத்துப் பார்ப்பது நல்லது. புதிதாக பைல் இறக்கி, முன்தண்டவாள உத்தரத்தைப் பலப்படுத்த வேண்டியிருந்தால், அந்தச் செலவையும் சேர்த்தால்தான் கிரேனின் உண்மையான விலை தெரியும்.