சேமநிதியில் ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம்?



பால்மரத்தடியிலும் செம்பனைக் காட்டிலும் முப்பது நாற்பது ஆண்டு உழைத்தவருக்குக் கடைசியில் கிடைக்கும் பெரிய தொகை ஊழியர் சேமநிதிப் பணம்தான். 55 வயதானதும் அதை மொத்தமாக எடுக்கலாம். வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகவும் எடுக்கலாம். மாதந்தோறும் வரும்படியும் செய்யலாம். 55க்குப் பின்னும் வேலை செய்து சேரும் பணத்தை 60 வயதில் எடுக்கலாம்.

எடுக்காமல் விட்ட பணத்துக்கு 100 வயது வரை லாப ஈவு உண்டு. வழக்கமான சேமிப்புக்கு அது 2.5 விழுக்காட்டுக்குக் குறையாது என்பது சட்டம் தரும் உறுதி. 2023ஆம் ஆண்டுக்கு 5.5 விழுக்காடும், 2024ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடும் கிடைத்தன.

ஆகவே, "எவ்வளவு இருக்கிறது?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எத்தனை ஆண்டுக்கு வேண்டும்?" என்றும் கேட்க வேண்டும்.

தோட்ட வீட்டை விட்டுப் போக வேண்டியவர்கள் முதலில் வீட்டுக்கான தொகையை ஒதுக்கட்டும். மிஞ்சியதை வைத்துக் கணக்குப் போடுவோம். 60 வயதில் 48,000 வெள்ளி இருக்கிறது. 80 வயது வரை 20 ஆண்டு. வகுத்தால் ஆண்டுக்கு 2,400, மாதம் 200 வெள்ளி. மீதி 45,600க்கு 5 விழுக்காடு ஈவு வந்தால் 2,280 சேரும். அடுத்த ஆண்டு அந்த 47,880ஐ மீதமுள்ள 19 ஆண்டால் வகுக்கிறோம். 2,520 வருகிறது, மாதம் 210 வெள்ளி. விலைவாசி ஏறும்போது நம் பங்கும் சற்று ஏறுகிறது.

மாறாக, ஆண்டுக்கு 6,000 வெள்ளி எடுத்தால், அதே ஈவு வந்தாலும் பத்தாம் ஆண்டில் பணம் தீர்ந்துவிடும். எழுபது வயதில் மறுபடி வெட்டுக்கத்தியைத் தூக்க முடியுமா?

மாதம் 200 வெள்ளியில் குடும்பம் நடக்காதுதான். பிள்ளைகள் கொடுப்பது, கோழி, காய்கறிப் பாத்தி, தகுதியுள்ளவர்களுக்குச் சமூக நலத்துறை உதவி ஆகியவற்றோடு சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். ஆனால், மகனின் மோட்டார் சைக்கிளுக்கோ கல்யாணப் பந்தலுக்கோ இதில் கைவைத்தால், வைத்தியச் செலவுக்கு யாரிடம் போய் நிற்பது?

இன்னொன்று. மனைவி வயதில் இளையவரானால், அவர் வயதை வைத்தே ஆண்டுகளை எண்ணுங்கள். கணவருக்குப் பின்னும் அவர் சாப்பிட வேண்டும். வாரிசாக அவர் பெயரையும் மறவாமல் பதிந்து வையுங்கள்.

ஆண்டுதோறும் ஈவு சேர்ந்ததும் இருப்பைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்து வகுக்கச் சொல்லுங்கள். பள்ளியில் நாங்கள் சொல்லித்தரும் சாதாரண வகுத்தல் கணக்குத்தான் இது.